ஏர்பேக் விளக்கு மேல ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர்

போன மாசம் சனி, ஞாயிறோட ஒரு திங்களும் சேர்ந்து லீவு கிடைச்சது. பொட்டி தட்டுற வேலைக்கு மூணு நாள் கும்பிடு போட்டுட்டு உத்திரமேரூருக்குக் கிளம்பிட்டேன். செங்கல்பட்டு வரைக்கும் ரயில். ஸ்டேஷனுக்கு அப்பா காரை எடுத்துட்டு வந்திருந்தார். "நீயே ஓட்டுப்பா"ன்னு சாவியைக் கையில கொடுத்தார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினா, மீட்டர் கண்ணாடி மேல வலது ஓரத்துல கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர்.

டேஷ்போர்டுல சாமி உட்கார்ந்திருக்கிறது நம்ம பக்கத்துல அதிசயம் இல்ல. பிள்ளையார், முருகர், வேளாங்கண்ணி மாதா, எழுநூத்தி எண்பத்தாறுன்னு எல்லாரும் இருப்பாங்க. ஆனா மீட்டர் கண்ணாடிக்கு மேலேயே ஒட்டி நான் பார்த்ததில்ல. உத்துப் பார்த்தா ஸ்டிக்கரோட விளிம்புல சிவப்பா ஒரு வெளிச்சம் கசியுது. பிள்ளையாருக்கு ஒளிவட்டம் போட்ட மாதிரி.

"என்னப்பா இது?"

"அது ஒண்ணும் இல்ல. ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கண்ணை உறுத்துதுன்னு மெக்கானிக்கிட்ட சொன்னேன். ஒட்டிக் கொடுத்தான்."

நகத்தால மெதுவா உரிச்சேன். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவருக்கு முன்னாடி ஒரு உருண்டை. ஏர்பேக் விளக்கு. எத்தனை நாளா எரியுதுன்னு கேட்டா, ஏசி ரிப்பேர் பண்ணதுலேருந்தாம். நாலு மாசம். இந்த நாலு மாசத்துல அப்பா இந்தக் காரை எடுத்துக்கிட்டு காஞ்சிபுரம் போயிருக்கார், மேல்மருவத்தூர் போயிருக்கார், ஜிஎஸ்டி ரோட்டுல தாம்பரம் வரைக்கும் அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கார். அந்தப் பக்கத்து சீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஏர்பேக்தான் இந்தக் கதையோட நாயகன்.

அந்த விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்னு தெரியாதவங்களுக்கு: சாவியைப் போட்டதும் சில செகண்ட் எரிஞ்சு தானா அணையணும். அணையாம நின்னா, ஏர்பேக் சமாச்சாரத்துல எங்கேயோ கோளாறுன்னு கார் சொல்லுது. அடிபடுற நேரத்துல பை விரியலாம், விரியாமலும் போகலாம். அதை நம்பி உட்காரக்கூடாது. அவ்ளோதான்.

சரி, ஏசிக்கும் ஏர்பேக்குக்கும் என்ன சம்பந்தம்? அங்கதான் டேஷ்போர்டு வருது.

2016 மாடல் கார், அப்பா ரிட்டயர் ஆனப்போ செகண்ட் ஹேண்டா வாங்கினது. (கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல. எந்தக் கம்பெனியா இருந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான்.) ரெண்டு வருஷமா வெயில் ஆரம்பிச்சா ஏசி கூலிங் போயிடும். கேஸ் அடிப்பார். ரெண்டு மாசத்துல திரும்பப் போயிடும். மறுபடி கேஸ். கடைசியில கூலிங் காயில்லதான் ஓட்டைன்னு கண்டுபிடிச்சாங்க. கூலிங் காயில் இருக்கிறது டேஷ்போர்டுக்குப் பின்னாடி, கிட்டத்தட்ட வண்டியோட வயித்துக்குள்ள. எங்க கார் மாதிரி நிறைய சின்னக் கார்ல டேஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டாம அதைத் தொட முடியாது.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பத்தொன்பதாயிரம்னு எஸ்டிமேட் கொடுத்தாங்க. மூணு நாள் வண்டி அங்கேயே கிடக்கணும். எங்க ஊர்லேருந்து அது இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன் எட்டாயிரத்து ஐநூறு சொன்னார், பொருளோட சேர்த்து. அவர் அப்பாகிட்ட பத்தாவது படிச்சவர். இன்னைக்கும் அப்பாவைப் பார்த்தா வாயில இருக்கிற பாக்கைத் துப்பிட்டு "வாங்க சார்"னுதான் சொல்வார். அப்பா எங்க போவார்னு நீங்களே சொல்லுங்க.

ஏசி சூப்பரா ஆயிடுச்சு. அதுல குறையே இல்ல. டேஷ்போர்டு மட்டும் பள்ளத்துல இறங்கினா கடகடங்குது. ஒரு பாலிதீன் கவர்ல மூணு ஸ்க்ரூ மிச்சம். "இது இல்லாமலே கெட்டியா நிக்குது சார், வச்சுக்கோங்க"ன்னு கொடுத்தாராம். அப்புறம் அந்த விளக்கு. அதுக்கு ஒரு ஸ்டிக்கர்.

வழக்கமா இந்த இடத்துல "நம்ம ஊர் மெக்கானிக்னாலே இப்படித்தான்"னு ஒரு பாட்டம் திட்டித் தீர்க்கிறதுதான் மரபு. எனக்கும் அன்னைக்கு அந்தக் கோவம்தான் வந்துச்சு. ஆனா விஷயம் அவ்வளவு சுலபமா இல்ல. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மறுநாள் காலையில அப்பாவும் நானும் அவர் ஷெட்டுக்குப் போனோம். அப்பா ஒண்ணும் பேசல. நான்தான் ஸ்டிக்கரைக் காட்டி, "அண்ணே, இதுக்குப் பின்னாடி என்ன விளக்குன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்திருக்கும். அவர் முகம் சுருங்கிப் போச்சு. அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"தெரியும் சார். அந்த மஞ்சள் சாக்கெட்டு. அது வெடிக்கும், கை வைக்காதேன்னு மட்டும் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. எப்படிக் கழட்டணும், எப்படி மாட்டணும்னு ஒருத்தரும் சொல்லித் தரல. பயந்துக்கிட்டே கழட்டினேன், பயந்துக்கிட்டே மாட்டினேன். அழுத்தித் தள்ள பயம். லைட்டு எரிஞ்சுது. மறுபடி டேஷ்போர்டைத் தொறக்கணும்னா மறுபடி ஒரு நாள். யாரைப் போய்க் கேக்கிறது?"

எனக்கு அதுக்கப்புறம் பேச்சு வரல. விளக்கை மூடினது தப்புதான், அதை அவர் மறுக்கல. ஆனா அவர் சோம்பேறித்தனத்துல பண்ணல. பயத்துல பண்ணியிருக்கார். பயம் எங்கேருந்து வந்தது? பாதி தெரிஞ்சதுலேருந்து. மீதிப் பாதியை யார் பூட்டி வச்சிருக்காங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சப்போதான் கோவம் வேற பக்கம் திரும்புச்சு.

அந்த டேஷ்போர்டு எப்படி வண்டிக்குள்ள போகுதுன்னு பாருங்க. இப்போ இருக்கிற ஃபேக்டரிகள்ல டேஷ்போர்டை வண்டிக்குள்ள வச்சு ஒவ்வொண்ணா மாட்டுறதில்ல. வெளியிலேயே ஒரு இரும்புக் குறுக்குச் சட்டத்துல ஏசி பெட்டி, வயரிங், ஏர்பேக், மீட்டர், பிளாஸ்டிக் முகப்புன்னு வரிசையா அடுக்கி, முழுசா ஒரே பொருளா ஆக்கிடுவாங்க. அப்புறம் வண்டியோட கதவு இருக்க வேண்டிய ஓட்டை வழியா ஒரு இயந்திரக் கை அதை உள்ளே தள்ளும். போல்ட்டை முடுக்கினா வேலை முடிஞ்சது. அதனாலதான் முதல்ல உள்ளே போன கூலிங் காயில், ரிப்பேர்னு வரும்போது கடைசியா கைக்குக் கிடைக்குது. மாட்டுறவனுக்கு வசதியா செஞ்சது. கழட்டுறவன் அந்தக் கணக்குலேயே இல்ல.

கிளிப்பும் அப்படித்தான். ஸ்க்ரூ போட நேரமாகும், கிளிப்பு தட்டினா உட்காரும். ஆனா எந்தத் திசையில தட்டி உட்கார வச்சாங்களோ அதே திசையில நேரா இழுத்தாதான் முழுசா வரும். கோணலா நெம்பினா ஒடியும். பத்து வருஷம் நம்ம ஊர் வெயில்ல வெந்த பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் ஒடியும். எங்க எத்தனை கிளிப்பு, எந்தப் பக்கம் இழுக்கணும், எந்த ஓட்டைக்கு எந்த நீள ஸ்க்ரூ, எல்லாம் கம்பெனியோட சர்வீஸ் புத்தகத்துல படம் போட்டு இருக்கு. சின்ன ஸ்க்ரூ போக வேண்டிய இடத்துல நீள ஸ்க்ரூவை ஏத்தினா பின்னாடி ஓடுற வயரைக் குத்தும்னு தெரியாம ஏத்துறவங்க எத்தனை பேரோ.

அம்பாசடர் காலத்துல இதெல்லாம் பிரச்சினையே இல்ல. தகரமும் ஸ்க்ரூவும்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா மரத்தடியில பிரிச்சு மரத்தடியிலேயே மாட்டிடலாம். தப்பா மாட்டினா மீட்டர் பல்பு எரியாது, மிஞ்சிப் போனா ஸ்பீடாமீட்டர் முள் ஆடாது. 2014-ல அம்பாசடர் உற்பத்தி நின்னுது. 2019 ஜூலையிலேருந்து டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். 2021 முடியறதுக்குள்ள முன்னாடி ரெண்டு சீட்டுக்கும் கட்டாயம் ஆயிடுச்சு. ரொம்ப நல்ல விஷயம். ஆனா டேஷ்போர்டுக்குள்ள உசுரு காக்கிற சாமானை வச்சாச்சு, அதைப் பிரிச்சு மாட்டுற வித்தையை மட்டும் ரோட்டோரக் கடைக்குச் சொல்லலன்னா எப்படி? அன்னைக்குத் தப்புக்கு விலை ஒரு பல்பு. இன்னைக்கு?

இதுல எனக்கு வயிறெரியற ஒரு விஷயம் இருக்கு. இந்தக் கார்களெல்லாம் எங்கேயோ ஜப்பான்லேருந்து கப்பல்ல வந்தா கூடப் பரவால்ல. எங்க மாவட்டம்தான் கார் மாவட்டமே. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில 1998-லேருந்து கார் வருது. ஒரகடத்துல 2010-லேருந்து வருது. எங்க ஊர்ப் பசங்க கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போய் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறாங்க. டேஷ்போர்டை உள்ளே வைக்கிற கை எங்க மாவட்டத்துல இருக்கு. அதை எப்படி வெளியே எடுக்கணும்னு எழுதின புத்தகம் மட்டும் உத்திரமேரூர் ஷெட்டுக்கு வந்து சேரல.

உத்திரமேரூர்க்காரன் பதிவு எழுதினா கல்வெட்டு வராம இருக்குமான்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. வந்துடுச்சு மக்களே, பொறுத்துக்கோங்க. :-)

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு, 919-லயும் 921-லயும் வெட்டினது. முப்பது குடும்புக்கும் குடவோலையில ஆள் எடுக்கிற விதிமுறை. 35 வயசுக்கு மேல, 70-க்குள்ள இருக்கணும். சொந்த மனையில வீடு இருக்கணும். முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் வரக்கூடாதுன்னு வரி வரியா இருக்கும். இதை வச்சு "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்"னு மார்தட்டுற கோஷ்டியில நான் இல்ல. நிலம் இருக்கிறவனுக்கும் வேதம் படிச்சவனுக்கும் மட்டும்தான் அந்தக் குடத்துல இடம். மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

எனக்கு அதுல பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. விதியை சபைக்காரங்க பொட்டியில பூட்டி வச்சுக்கல. சுவத்துல வெட்டினாங்க. குடத்தை எப்படி மூடணும், ஓலையை எப்படிக் கலக்கணும், யார் எடுக்கணும், எடுத்ததை எப்படி வாசிக்கணும்ங்கிற வரைக்கும். செய்முறையைப் பொது இடத்துல எழுதி வச்சா, செய்யறவன் தப்பு பண்ணா பார்க்கிறவன் கேட்கலாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லுல எழுத முடிஞ்சதை, இன்னைக்கு ஒரு பிடிஎஃப்பா ஏத்தி வைக்க என்ன கஷ்டம்ங்கிறதுதான் என் கேள்வி.

இது நான் புதுசா கேட்கிற கேள்வியும் இல்ல. 2011-ல ஷம்ஷேர் கட்டாரியாங்கிறவர் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் கொண்டு போனார். கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு பார்க்கிற கருவியையும், ரிப்பேர் தகவலையும் வெளி மெக்கானிக்குக் கொடுக்கிறதில்ல, அதனால வண்டிக்காரன் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டு நிக்கிறான்ங்கிறதுதான் விஷயம். 2014 ஆகஸ்ட்ல ஆணையம் தீர்ப்பு சொன்னது. 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம். பார்ட்ஸும் கருவியும் தகவலும் வெளிச் சந்தையில கிடைக்கச் செய்யணும், வெளி மெக்கானிக் கை வச்சான்ங்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமா ரத்து பண்ணக்கூடாதுன்னும் சொன்னது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. அபராதம் கட்டினாங்களா, குறைஞ்சதாங்கிறது வக்கீல்கள் கவலை. என் கவலை, அந்தத் தீர்ப்போட ரெண்டாவது பாதி எங்க ஊர் ஷெட்டு வரைக்கும் இறங்கி வரலேங்கிறதுதான்.

2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம்னு நாலு துறை. நல்ல ஆரம்பம். ஆனா இணையதளம் சட்டம் ஆகாது. கொடுக்க மனசிருக்கிறவன் கொடுப்பான், இல்லாதவன் விட்டுடுவான். ஐரோப்பாவுல 2007-லயே விதி போட்டுட்டாங்க, ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தே ஆகணும்னு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012-ல ஜனங்க ஓட்டுப் போட்டே வாங்கினாங்க. 2014-ல கம்பெனிகளே இறங்கி வந்து நாடு முழுக்க அதே மாதிரி தர்றோம்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க.

அதை நான் நேர்லயே அனுபவிச்சேன். அன்னைக்கு ராத்திரி தேடு தேடுன்னு தேடினதுல, ஐரோப்பாவுல விக்கிற இதே மாடலோட சர்வீஸ் புத்தகத்தை ஒரு நாளைக்குன்னு காசு கட்டிப் படிக்கலாம்னு தெரிஞ்சது. கட்டினேன். உத்திரமேரூர்ல நிக்கிற காரைப் பிரிக்க ஐரோப்பாவுக்குக் காசு அனுப்பிப் படிச்ச முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். அதுலயும் அங்க ஸ்டீயரிங் இடது பக்கம். படத்தையெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பி யோசிக்க வேண்டியதாப் போச்சு. அவ்வ்வ்வ்.

அதுல என்ன இருந்தது தெரியுமா? பெரிய ராணுவ ரகசியம் ஒண்ணும் இல்ல. பேட்டரி மைனஸை முதல்ல கழட்டு. சில நிமிஷம் சும்மா காத்திரு. ஏர்பேக்கை இயக்குற பெட்டிக்குள்ள கொஞ்சம் கரண்ட்டு தேங்கி நிக்கும், அது வடியணும். மஞ்சள் சாக்கெட்டுக்கு ரெண்டு பூட்டு, மேல் பூட்டை விடுவிச்சிட்டு அப்புறம் இழு. கழட்டினதும் அந்தச் சாக்கெட்டுக்குள்ள இருக்கிற ஒரு சின்னத் தகடு ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிச்சுக்கும், அதனால அது தானா வெடிக்காம இருக்கும். டெஸ்டர், மல்டிமீட்டர் எதையும் ஏர்பேக்குக்குள்ள விடாதே. மாட்டும்போது சத்தம் கேக்கிற வரைக்கும் தள்ளு, பூட்டை அழுத்து. எல்லாம் மாட்டி முடிச்ச பிறகுதான் பேட்டரி. அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வரல. இந்த ஒரு பக்கம் இல்லாமத்தான் நாலு மாசம் அம்மா அந்த சீட்டுல உட்கார்ந்துட்டுப் போனாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அதைத் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதி அண்ணன்கிட்டக் கொடுத்தேன். அவர் ரெண்டு தடவை படிச்சார். "உள்ளேயே பாதுகாப்பு வச்சிருக்கானா? இது தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி பயப்படப் போறேன்"ன்னார். பேட்டரியைக் கழட்டிட்டு எல்லாருக்கும் டீ சொன்னார். டீ குடிச்சு முடிச்சு, க்ளோவ் பாக்ஸை இறக்கி, கையை உள்ளே விட்டார். சாக்கெட்டு முக்கால்வாசிதான் உட்கார்ந்திருக்கு. தள்ளினார். டிக்.

அந்த மூணு ஸ்க்ரூவுக்கும் இடம் கிடைச்சது. ரெண்டு, பக்கவாட்டு மூடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த ஓட்டைங்க. கடகட சத்தத்துக்கு அதுதான் காரணம்.

ஆனா விளக்கு அணையல. பழைய கோளாறைக் கார் ஞாபகம் வச்சிருக்கு, அதைக் கருவி வச்சுத்தான் அழிக்கணும். அண்ணன்கிட்ட இருந்த ஓபிடி கருவிக்கு எஞ்சின் மட்டும்தான் தெரியும், ஏர்பேக்கோட பேசத் தெரியாது. திங்கக்கிழமை செங்கல்பட்டுல அவருக்குத் தெரிஞ்ச ஒரு கடையில பெரிய கருவி இருக்குன்னு கூட்டிட்டுப் போனார். அஞ்சு நிமிஷ வேலை. சாவியைத் திருப்பினோம். எரிஞ்சது, சில செகண்ட்ல அணைஞ்சது. நாங்க மூணு பேரும் சும்மா அந்த மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

இப்போ எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "ஏர்பேக் ஆபத்தான சாமான், தெரியாதவன் கையில தகவலைக் கொடுத்தா விபத்து நடக்கும்"ன்னு கம்பெனிகள் சொல்றது வழக்கம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. தகவல் கொடுக்காததால நம்ம ஊர்ல யாரும் டேஷ்போர்டைப் பிரிக்காம இருக்காங்களா? ஏசிக்குப் பிரிக்கிறாங்க, ஸ்டீரியோவுக்குப் பிரிக்கிறாங்க, எலி கடிச்ச வயருக்குப் பிரிக்கிறாங்க. இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி, ரெண்டு மடங்குக்கு மேல விலை சொல்ற இடத்துக்கு எல்லாராலயும் போக முடியாது. ஆக, பிரிக்கிறது நிக்கப் போறதில்ல. தெரிஞ்சு பிரிக்கிறதா, தெரியாம பிரிக்கிறதாங்கிறது மட்டும்தான் கேள்வி. ஆபத்தான சாமான்னா அதுக்குத்தான் முதல்ல செய்முறை வெளியே வரணும். கரண்ட்டு கம்பத்துல மண்டையோடு வரைஞ்சு வைக்கிறோமே, மறைச்சா வைக்கிறோம்?

"எல்லாத் தகவலும் வெளியே வந்தா மீட்டரைத் திருப்புறவனுக்கும் திருடனுக்கும் வசதி"ன்னு இன்னொரு வாதம். சாவி, இம்மொபிலைசர் சமாச்சாரத்தைத் தனியாப் பூட்டிக்கோங்க, நான் கேட்கல. கிளிப்பு எந்தப் பக்கம் இழுக்கணும்ங்கிறதுல என்ன திருட்டு? மீட்டரைத் திருப்புறவன் எந்தப் புத்தகத்துக்கும் காத்துக்கிட்டு இல்ல. நேர்மையா வேலை பார்க்கிறவன்தான் புத்தகம் இல்லாம தடுமாறுறான்.

கம்பெனியை மட்டும் திட்டிட்டு முடிச்சா அது பாதி நியாயம்தான். மீதி நம்ம பக்கம் இருக்கு. "லைட்டு கண்ணை உறுத்துது"ன்னு சொன்னது எங்க அப்பா. பத்தாவது பசங்களுக்கு முப்பது வருஷம் அறிவியல் எடுத்தவர். அது என்ன விளக்குன்னு வண்டியோட வந்த கையேட்டைத் தொறந்து பார்க்கல. பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம அது க்ளோவ் பாக்ஸுலேயே கிடந்தது. உறுத்தல் போனா போதும்னு கேட்டார், உறுத்தலைப் போக்கிக் கொடுத்தாங்க. வாடிக்கையாளர் கேட்டது விளக்கு அணையறது இல்ல, விளக்கு தெரியாம இருக்கிறது.

நான் மட்டும் யோக்கியமா? ஆபீஸ்ல புரோகிராம் ஓட்டும்போது மஞ்சள் மஞ்சளா எச்சரிக்கை வரும். ராத்திரி ஒன்பது மணி, கேப் கிளம்பப் போகுது. இந்த எச்சரிக்கையைக் காட்டாதேன்னு ஒரு வரி எழுதிச் சேர்த்துட்டு பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பின நாள் எனக்கு இருக்கு. உங்கள்ல பொட்டி தட்டுறவங்க நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க, நீங்க ஒட்டினதில்லையா அந்தப் பிள்ளையார் ஸ்டிக்கரை? நான் எழுதின பாதி விஷயத்துக்கு எப்படிப் பிரிக்கணும், எப்படித் திரும்பச் சேர்க்கணும்னு ஒரு வரி எழுதி வச்சதில்ல. எனக்கு அடுத்து வர்றவன் பயந்துக்கிட்டே பிரிச்சு பயந்துக்கிட்டே மாட்டுவான். மெக்கானிக் அண்ணனைக் கேட்ட கேள்வியை அன்னைக்கு ராத்திரி எனக்கே கேட்டுக்கிட்டேன். பதில் அவ்வளவு நல்லா இல்ல.

அதனால என் கருத்து இதுதான். கழட்டுறது பாதி வேலை. முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்டுறதுதான் முழு வேலை. அந்த மீதிப் பாதியைக் கம்பெனி பொதுவுல வைக்கணும், தமிழ்ல வைக்கணும், ஷெட்டுல எண்ணெய்க் கையோட படிக்கிற மாதிரி வைக்கணும். அதுக்குச் சட்டம் வர்ற வரைக்கும் நம்ம கேட்கக்கூடியதை நம்ம கேட்கணும்.

உங்க வண்டியோட டேஷ்போர்டைப் பிரிக்கப் போறாங்கன்னா, கொடுக்கிறதுக்கு முன்னாடி சாவியைப் போட்டு எந்த விளக்கு எரிஞ்சு அணையுதுன்னு செல்போன்ல ஒரு வீடியோ எடுத்துக்கோங்க. பேட்டரியைக் கழட்டிட்டுக் காத்திருந்துதான் கை வைக்கணும்னு சொல்லுங்க. நேரமாகும்னு சலிச்சுக்கிட்டா டீ வாங்கிக் கொடுங்க. கழட்டுற ஸ்க்ரூவை இடம் வாரியா முட்டை அட்டையில போட்டு வைக்கச் சொல்லுங்க; பத்து ரூபாய் செலவுகூடக் கிடையாது. திரும்ப எடுக்கும்போது அதே வீடியோவை வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்க்ரூ மிச்சம்னா வாங்கிக்காதீங்க. ஒரு விளக்கு அணையாம நின்னா வண்டியை வாங்கிக்காதீங்க. இன்னொரு நாள் ஆனாலும் பரவால்லன்னு சொல்லுங்க, அந்த நாளுக்கான கூலியையும் கொடுங்க. இலவசமா மறுபடி பிரின்னு சொன்னா அவர் ஸ்டிக்கரைத்தான் தேடுவார். அவருக்கும் வயிறு இருக்கு.

அண்ணன் அந்தப் பேப்பரை லேமினேஷன் பண்ணி ஷெட்டு சுவத்துல மாட்டியிருக்கார்னு போன வாரம் அப்பா போன்ல சொன்னார். பக்கத்து ஷெட்டுக்காரங்க ரெண்டு பேர் வந்து செல்போன்ல போட்டோ பிடிச்சுட்டுப் போனாங்களாம்.

பி.கு.: உரிச்ச பிள்ளையாரைத் தூக்கிப் போட அப்பாவுக்கு மனசு வரல. இப்போ க்ளோவ் பாக்ஸ் மூடியில இருக்கார், எந்த விளக்கையும் மறைக்காம. உங்க வண்டியிலயோ உங்க புரோகிராம்லயோ ஸ்டிக்கர் ஒட்டின கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மியடிக்கவும் அனுமதி உண்டு.